சிசேரியன் தழும்பில் ஒரு கட்டி: ஸ்கேன் சொல்லக்கூடியவை

சிசேரியன் தழும்பின் ஓரத்தில் கட்டி என்று ஸ்கேனுக்கு அனுப்பப்படும் பெண்களின் சீட்டில் குடலிறக்கமா, கொழுப்புக்கட்டியா, தையல் நூலைச் சுற்றி உண்டான கட்டியா என்ற மூன்று சந்தேகங்களில் ஒன்றுதான் வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். வயிற்றுச்சுவரில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நான்காவது சந்தேகம் அந்தச் சீட்டில் இடம்பெற்றிருப்பதை நான் அரிதாகவே பார்க்கிறேன். கதிரியக்கப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் இது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால், எந்த ஊர் ஸ்கேன் சென்டரிலும் இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டே, சரியான ப்ரோபை (தோலின்மேல் வைத்துப் பார்க்கும் கைப்பகுதியை) எடுத்து, இரண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், இந்த நோயைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிட முடியும். அப்படிப் பார்க்கப்படாததால், பல பெண்கள் வலிமாத்திரையோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒட்டி வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்புக்குழிக்குள் இது வருவதற்கு, மாதவிடாய் இரத்தம் கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிச் சென்று திசுத்துணுக்குகளைப் பரப்புவதே காரணம் என்று ஜான் சாம்ப்சன் 1927-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் பேசப்படுகிறது. வயிற்றுச்சுவரில் வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிசேரியனின்போது கருப்பை திறக்கப்படுகிறது. உட்படலத்தின் உயிருள்ள செல்கள் சில, கையுறையிலோ கருவியிலோ பஞ்சுத்துணியிலோ ஒட்டிக்கொண்டு வெட்டுக்காயத்தின் ஓரங்களில் படிந்துவிடுகின்றன. கொழுப்பிலும் தசையிலும் அவை வேரூன்றி, சினைப்பையின் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டு, மாதந்தோறும் வீங்கிக் கசிகின்றன. கசிந்த இரத்தம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்க, அதைச் சுற்றி அழற்சியும் நார்த்திசுவும் சேர்ந்து, கையில் நெருடும் கட்டியாக இறுகிவிடுகிறது.

இது அரிய நோய்தான். சிசேரியன் செய்துகொண்டவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே வருவதாகப் பெரும்பாலான மருத்துவத் தொகுப்புகள் கூறுகின்றன. ஆனால் எத்தனை சிசேரியன்கள் நடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5 சதவீதம். இத்தனை தழும்புகள் உள்ள மாநிலத்தில், அரிது என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நோயை நினைவிலிருந்தே நீக்கிவிடக்கூடாது.

பாடநூல்கள் மூன்று அடையாளங்களைச் சேர்த்துச் சொல்லும்: முன்பு சிசேரியன் நடந்திருப்பது, தழும்பருகே ஒரு கட்டி, மாதவிடாயோடு கூடிக் குறையும் வலி. மூன்றும் ஒருசேர இருந்தால் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எப்போதும் அப்படி அமைவதில்லை. வெளியான ஆய்வுகளிலிருந்து 445 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஒரு கட்டுரையில், 96 சதவீதத்தினருக்குக் கட்டியும் 87 சதவீதத்தினருக்கு வலியும் இருந்தன. மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டிய அறிகுறிகள் இருந்தவர்களோ 57 சதவீதத்தினர் மட்டுமே. அறுவை நடந்ததிலிருந்து நோயோடு மருத்துவரிடம் வரும்வரை சராசரியாக 3.6 ஆண்டுகள் கடந்திருந்தன. மாதாமாதம் வலிக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தவுடன் இந்த நோயை ஒதுக்கிவிடக்கூடாது என்பதும், நேற்றுச் செய்த ஆபரேஷனைக் கேட்பதுபோல் பத்தாண்டுக்கு முந்தைய ஆபரேஷனையும் கேட்க வேண்டும் என்பதும் இந்த எண்களிலிருந்து தெளிவாகின்றன.

வலியின் கணக்கு வெளியே வராமல் போவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கட்டியைப் பற்றிப் பேசும் பெண், மாதவிடாயைத் தானாகப் பேச்சில் கொண்டுவருவதில்லை. கூடவே கணவரோ மாமியாரோ நின்றால் நிச்சயமாகக் கொண்டுவருவதில்லை. ஒருமுறை வந்திருந்த பெண்ணின் சீட்டில் குடலிறக்கம் என்று எழுதியிருந்தது. கட்டி எங்கே இருக்கிறதென்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். தழும்பின் இடது முனைக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள இடத்தில், தேடாமல் தடவாமல் நேராக விரலை வைத்தார். வலி எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா என்று கேட்டேன். உடன் வந்தவர் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, "இல்லீங்க மேடம். தலைக்கு ஊத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சிரும். சேலை கொசுவம் அந்த எடத்துல பட்டாக்கூடத் தாங்காது. நின்னு ஒரு வாரம் ஆச்சுன்னா ஒண்ணுமே தெரியாது" என்றார். "இதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களாம்மா?" என்றதற்கு, "அவங்க கேக்கலையே மேடம்" என்றார். ப்ரோபை வயிற்றில் வைப்பதற்கு முன்பே பாதி நோயறிதல் முடிந்திருந்தது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். முழு வயிற்றையும் பார்க்கப் பயன்படும் வளைந்த ப்ரோப், கல்லீரல், சிறுநீரகம், கருப்பை போன்ற ஆழத்தில் உள்ள உறுப்புகளுக்கானது. ஏறத்தாழ 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அதைக் கொண்டு பார்த்தால், தோலுக்கு அடியில் உள்ள முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தெளிவின்றி மங்கலாகவே திரையில் வரும். நாம் தேடும் நோயோ அந்த இடத்தில்தான் இருக்கிறது. வயிறு ஸ்கேன் இயல்பு என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டி மட்டும் அப்படியே இருக்கிறதே என்று திகைக்கும் பெண்களின் நிலைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தைராய்டு, மார்பகம் ஆகியவற்றைப் பார்க்கப் பயன்படும், 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை கொண்ட நேர்கோட்டு ப்ரோபை எடுக்க வேண்டும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் வலிக்கும் என்பதோடு, கட்டியின் சிறு இரத்தநாளங்களும் நசுங்கி, இரத்தவோட்டத்தைக் காட்டும் டாப்ளரில் தெரியாமல் போகும். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டிய தேவை இந்தப் பரிசோதனைக்கு இல்லை. நோயாளி விரல் வைத்துக் காட்டும் இடத்தில் தொடங்கித் தழும்பின் இரு முனைகள்வரை முழுமையாகப் பார்க்க வேண்டும். பிகினிக்கோடு என்று சொல்லப்படும் கிடைமட்ட வெட்டில், கட்டி பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை. ஏதாவதொரு முனையில்தான் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளும் இருக்கலாம்.

திரையில் அது எப்படித் தெரியும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சுற்றியுள்ள கொழுப்பைவிடக் கருமையான, திடமான ஒரு பகுதி தெரியும். உள்ளே ஒரே சீராக இருக்காது. மெல்லிய வெண்கோடுகளும் புள்ளிகளும் சிதறியிருக்கும், சில வேளைகளில் பழைய இரத்தம் தங்கிய சிறு நீர்க்குழிகளும் இருக்கும். ஓரம் வழுவழுப்பான வட்டமாக இல்லாமல், வேர்விட்டது போலச் சுற்றுப்புறக் கொழுப்புக்குள் கூர்கூராக நீண்டிருக்கும். அந்த ஓரத்தை அடுத்து, அழற்சியுற்ற கொழுப்பு ஒரு வெண்மையான வளையமாகத் தெரியும். டாப்ளரை இயக்கினால், விளிம்பில் ஓர் இடத்தில் ஒற்றை இரத்தநாளம் உள்ளே நுழைவதைப் பல கட்டிகளில் காணலாம். சிறிய கட்டிகளில் இரத்தவோட்டம் குறைவு. 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிகளில் நாளங்கள் மிகுதியாகவும் உட்புறம் மேலும் சீரற்றும் இருக்கும். டாப்ளரில் எதுவுமே தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

ஒவ்வோர் அடையாளத்தையும் தனியாக எடுத்தால் அது வேறு நோய்களிலும் வரும். குடலிறக்கத்தைப் பிரித்தறிவது எளிது: நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, இருமச் சொல்லிப் பார்த்தால், தசையுறையில் உள்ள இடைவெளியும் அதன் வழியே கொழுப்போ குடலோ வெளித்தள்ளி உள்வாங்குவதும் கண்ணெதிரே தெரியும். எண்டோமெட்ரியோசிஸ் கட்டி இருமலுக்கு அசையாது. கொழுப்புக்கட்டி மென்மையாக, அழுத்தினால் அமுங்கும், தெளிந்த ஓரமும் இருக்கும். தையல் நூலைச் சுற்றிய கட்டியின் நடுவே, இரு இணைகோடுகளாக நூலே தெரிவதுண்டு. அது இல்லாதபோது பிரித்தறிவது கடினம். உண்மையில் அதிகம் குழப்புவது டெஸ்மாய்டு என்னும் நார்த்திசுக் கட்டி. அதுவும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், வயிற்றுச்சுவரில், தழும்பை ஒட்டி வரக்கூடியது. அதன் ஓரமும் சுற்றுத் திசுவுக்குள் நீளக்கூடியது. தசையையும் அதன் உறையையும் பற்றி வளர்வது அதன் இயல்பு. வலி மாதச் சுழற்சியைப் பின்பற்றாது. எண்டோமெட்ரியோசிஸைவிடப் பெரிதாகவும் வளரும். படத்தை மட்டும் காட்டி, வயதையும் தழும்பையும் வலியின் நாட்களையும் மறைத்துவிட்டால், எந்தக் கதிரியக்க மருத்துவராலும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலாது என்பது என் துணிந்த கருத்து. ஆகவே சீட்டு எழுதும் மருத்துவர்கள், கட்டி என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்த ஆண்டு என்ன அறுவை நடந்தது, வலி எப்போது வருகிறது என்ற இரண்டையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சி.டி. ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் இந்தக் கட்டி, தசையின் அடர்த்தியை ஒத்த ஒரு திடப்பகுதியாக, சாய மருந்து ஏற்றியபின் பிரகாசமாகும் ஒன்றாகத் தெரியும். நடுவிலிருந்து நாற்புறமும் கொழுப்புக்குள் கீற்றுகள் பிரிந்து செல்வதைக் காட்டும். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யில் தற்செயலாக இது கண்ணில் பட்டால், அதைத் தழும்பு என்று மட்டும் எழுதிக் கடந்துவிடக்கூடாது. மற்றபடி, இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள பெண்ணின் இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, அல்ட்ராசவுண்டைவிடப் புதிதாக ஏதும் சொல்லாத ஒரு பரிசோதனையைச் செய்ய எனக்கு மனம் ஒப்புவதில்லை.

எம்.ஆர்.ஐ.யின் நிலை வேறு. கட்டி ஆழமாக இருக்கும்போதும், தசைக்குள் புகுந்திருப்பதாக ஐயம் எழும்போதும், அல்ட்ராசவுண்டில் அதன் உள் எல்லை பிடிபடாதபோதும், வயிற்றுக்குள்ளும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்று எண்ணும்போதும் அதுவே துணை. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று இருவகைப் படங்கள் எடுக்கப்படும். பழைய இரத்தத்தின் சிதைபொருள்கள் டி1 படங்களில் வெண்மையாகத் தெரியும். கொழுப்பும் அதே படங்களில் வெண்மைதான்; கட்டியோ கொழுப்பின் நடுவில் இருக்கிறது. எனவே கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுக்கும் டி1 படம் இன்றியமையாதது: அதில் கொழுப்பு கருத்துவிட, இரத்தப்புள்ளிகள் மட்டும் ஒளிர்ந்து நிற்கும். டி2 படங்களில் நார்த்திசு கருமையாகவும், அதற்குள் சுரப்பிகள் சிறு வெண்புள்ளிகளாகவும் தெரியும். இரத்தப்புள்ளிகளே இல்லாத, முழுக்க நார்த்திசுவாக இறுகிப்போன கட்டிகளும் உண்டு என்பதால், டி1-இல் வெண்மை இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நோயை மறுக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறையில் ஒரு நுட்பத்தைத் தொழில்நுட்பர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவது வழக்கம். இடுப்புப் பகுதியை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, மூச்சுவிடுவதால் வயிற்றுச்சுவர் அசைந்து படத்தில் நிழல் விழாமலிருக்க, முன்பக்க வயிற்றுச்சுவரின் சமிக்ஞையை அழிக்கும் ஒரு பட்டையை வைப்பது பல இடங்களில் வாடிக்கை. கருப்பையையும் சினைப்பைகளையும் பார்க்க அது நல்லது. ஆனால் நம் கட்டி அந்தப் பட்டைக்குள் அல்லவா இருக்கிறது? பட்டையை எடுக்காமல் எடுத்த படத்தில் கட்டி இருக்கும் இடம் கருத்துப்போய், படம் எடுத்தும் எடுக்காதது போலாகிவிடும். பட்டையை நீக்கிவிட்டு, படத்தின் எல்லையைத் தோல்வரை நீட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். கட்டி நெருடும் இடத்தில், தோலின்மேல் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை, மருந்துக்கடையில் ஈவியான் என்று கேட்டால் தரும் பச்சை நிற எண்ணெய்க் கேப்ஸ்யூலை, பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெய் டி1 படத்தில் பளிச்சென்று தெரிவதால், நோயாளி சுட்டிய இடமும் படத்தில் நாம் காணும் கட்டியும் ஒன்றுதானா என்று ஒரே பார்வையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை கவனமும் எதற்கு என்றால், அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு நோயின் பெயர் மட்டும் போதாது. கட்டியைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து அகற்றுவதே ஏற்கப்பட்ட முறை. கட்டி கொழுப்போடு நிற்கிறதா, ரெக்டஸ் என்னும் முன்வயிற்றுத் தசையின் உறையைப் பற்றியிருக்கிறதா, தசைக்குள் சென்றிருக்கிறதா, அதையும் கடந்து வயிற்றின் உள்சவ்வைத் தொடுகிறதா என்பதைப் பொறுத்து அறுவையின் அளவே மாறும். உறையை வெட்டியெடுக்க நேர்ந்தால், அந்த இடைவெளியை மூட வலை வைக்க வேண்டியிருக்கலாம். அதற்கான ஆயத்தம் முன்கூட்டியே வேண்டும், நோயாளியிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆகவே என் அறிக்கையில் மூன்று பக்க அளவுகளோடு, தோலிலிருந்து எவ்வளவு ஆழம், தசையுறையிலிருந்து எவ்வளவு தூரம், தழும்பின் எந்த முனையிலிருந்து எவ்வளவு விலகல் என்பனவற்றையும் எழுதுகிறேன். மாதவிடாய் முடிந்த நாட்களில் கட்டி சுருங்கிக் கைக்குத் தட்டுப்படாமல் போவதுண்டு என்பதால், அறுவை நாளன்று காலை ப்ரோபை வைத்துப் பார்த்துத் தோலில் மார்க்கர் பேனாவால் குறித்துக் கொடுப்பதும் பயனுள்ளது.

ஊசி போட்டுச் சோதிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அறிகுறிகளும் படமும் ஒத்துப்போகும்போது, எப்படியும் அகற்றப்போகும் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை தேவையில்லை என்பதே என் எண்ணம். அகற்றிய திசுவை நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து, சுரப்பிகள், அவற்றைச் சூழ்ந்த இணைப்புத்திசு, பழைய இரத்தத்தின் இரும்புச்சத்தை விழுங்கிய செல்கள் ஆகியவற்றைக் கண்டு உறுதி செய்வார். டெஸ்மாய்டா, வேறு புற்றா என்ற ஐயம் மெய்யாகவே இருக்கும்போது ஊசி வேண்டும். அப்போதும் நுண்ணூசியில் வரும் சில செல்களைவிட, தடித்த ஊசியில் எடுக்கும் திசுத்துண்டு தெளிவான பதிலைத் தரும். குடலிறக்கம் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் எந்த ஊசியையும் அங்கே செலுத்தக்கூடாது.

சிசேரியன் மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். கருப்பையை அகற்றிய தழும்பிலும், லேப்ராஸ்கோப்பிக்காகப் போட்ட சிறு துளைகளிலும், சுகப்பிரசவத்தில் பிறப்புறுப்பருகே போட்ட தையலிலும் இது வரலாம். எந்த அறுவையும் நடக்காமல் தொப்புளில் தானாகத் தோன்றும் வகையும் உண்டு. 1886-இல் வில்லார் அதை விவரித்ததால் அவர் பெயரால் அது அழைக்கப்படுகிறது. மாதவிடாய் நாட்களில் தொப்புள் கருநீலமாக வீங்குவதும் சில துளிகள் இரத்தம் கசிவதும் அதன் அடையாளங்கள். தொப்புளில் வரும் கட்டி, வயிற்றுக்குள் இருக்கும் புற்றின் வெளிப்பாடாகவும் இருக்கக்கூடும் என்பதால், அங்கே ஸ்கேன் தொப்புளோடு நின்றுவிடக்கூடாது. உள்ளே முழுமையாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டி புற்றாக மாறுமோ என்ற அச்சத்தோடு வருபவர்களுக்கு, அது மிக மிக அரிது என்று உறுதியாகச் சொல்லலாம். மாதச் சுழற்சியோடு தொடர்பற்று விரைந்து வளர்வது, நீண்டகாலம் அமைதியாக இருந்த கட்டி திடீரெனப் பெருப்பது, மாதவிடாய் நின்றபின்னும் வளர்வது ஆகியவை காலந்தாழ்த்தாமல் பார்க்க வேண்டியவை. ஹார்மோன் மாத்திரைகள் வலியைத் தணிக்கும். ஆனால் நிறுத்தியதும் வலி திரும்புவதே வழக்கம். முழுமையாக அகற்றியவர்களில் கட்டி மீண்டும் வருவது, மேலே சொன்ன 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி 4.3 சதவீதம்.

அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் அந்த இடம் கெட்டியாக, லேசாக வலிப்பதாக இருக்கும். அந்த நாட்களில் ஸ்கேன் எடுத்தால் ஆறிவரும் காயமும் தேங்கிய நீரும் கட்டியைப் போலவே காட்சியளித்து வீண் பதற்றத்தை உண்டாக்கும். காய்ச்சலோ சீழோ இல்லாதவரை, திசு ஆறச் சில மாதங்கள் விட்டு, நேர்கோட்டு ப்ரோபால் ஒருமுறை பார்த்து, அந்தப் படத்தையும் அளவையும் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் மீண்டும் வலி என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு வேறு மருத்துவமனைக்குச் செல்பவர்கள், இந்த அறிக்கையையும் திசுப் பரிசோதனை முடிவையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.